எலுமிச்சைக் குலத்தின் வரலாறு – 11: சுவர் கழன்ற செல்கள்

எலுமிச்சை விதை ஒன்றை ஊன்றினால் ஒரு கன்றுதான் முளைக்கும் என்ற கட்டாயம் இல்லை. காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடியின் கொல்லைகளில் ஊன்றினாலும் சரி, புளியங்குடித் தோட்டங்களில் ஊன்றினாலும் சரி, ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று கன்றுகள் தலைநீட்டுவது வழக்கம். அவற்றில் அதிகம் போனால் ஒன்றுதான் மகரந்தம் சேர்ந்து பிறந்த உண்மையான பிள்ளை. மற்றவை தாய்மரத்தின் அச்சு அசலான நகல்கள். சூலுக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் சூல்திசுவின் செல்கள், மகரந்தத்தின் துணை இல்லாமல், தாமாகவே கருக்களாக வளர்ந்துவிடுகின்றன. ஆரஞ்சு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பதை டச்சு நாட்டு லேவன்ஹூக் 1719இலேயே கண்டார். அந்தக் கூடுதல் கருக்கள் சூல்திசுவிலிருந்து வருகின்றன என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் 1878இல் விளக்கினார். இப்பண்புக்குக் காரணமான மரபணுவைச் சீனாவின் வூஹான் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது 2017இல்தான்.

பல்கருநிலை எனப்படும் இந்தப் பண்பு விவசாயிக்கு வரம். ஒட்டுக்கட்டாமல், விதை போட்டே, தாயைப் போன்ற மரங்களைப் பெறலாம். தமிழ்நாட்டு எலுமிச்சைச் சாகுபடியில் விதைக்கன்றே இன்றும் பெருவழக்காக இருப்பதற்கு இதுவே அடிப்படை. பயிர்ப் பெருக்க அறிவியலாளருக்கோ இது பெரிய தொல்லை. இரண்டு வகைகளைக் கலப்புச் செய்து நூறு விதை எடுத்தால், முளைப்பவற்றில் பெரும்பகுதி தாயின் நகல்களாகவே இருக்கும். வீரியமுள்ள நகல்கள் மெலிந்த கலப்புக் கன்றை நெருக்கி அழித்துவிடுவதும் உண்டு. தப்பிப் பிழைக்கும் கலப்புக் கன்றும் முள்ளோடு முரண்டு பிடித்து வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே முதல் காயைக் காட்டும்.

இது போதாதென்று வேறு தடைகளும் உண்டு. நேவல் ஆரஞ்சு, சாட்சுமா மாண்டரின் போன்றவற்றில் மகரந்தமே தேறாது. குடும்பம் ஒன்றாக இருந்தாலும் பேரினம் வேறானால் பெரும்பாலும் கலப்பு ஒட்டாது. அமெரிக்க வேளாண்துறையின் வால்டர் ஸ்விங்கிள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய கலப்பு முயற்சிகளில் உலகத் தோட்டங்களுக்கு நிலைத்துக் கிடைத்த பெரும்பேறு, 1909இல் நேவல் ஆரஞ்சையும் முவ்விலை ஆரஞ்சையும் சேர்த்துப் பிறந்த காரிசோ, டிராயர் ஆகிய வேர்ச்செடிகள். பல பத்தாண்டு உழைப்புக்கு இது சிறிய அறுவடைதான். பூவின் வழியாகப் போகாமல் இரண்டு மரங்களைச் சேர்க்க வேறு வழி உண்டா என்ற தேடல் அங்கிருந்தே எழுந்தது.

டெல்லியில் ஒரு திசு

வழியின் முதல் கல் இந்தியாவில் நாட்டப்பட்டது. பஞ்சானன் மகேஸ்வரி தலைமையில் டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை 1950களில் கருவியல் ஆய்வில் உலகின் முன்வரிசையில் இருந்தது. சூலகம், மகரந்தப்பை, கரு என்று பூவின் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணாடிக் குழாயில் வளர்த்துப் பார்த்த பட்டறை அது. அங்கே என்.எஸ். ரங்கசாமி, இன்று பூந்தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கப்படும் குட்டி ஆரஞ்சு வகையான சிட்ரஸ் மைக்ரோகார்ப்பாவின் சூல்திசுவைத் தனியே பிரித்து, கேசின் நீராற்பகுப்பு சேர்த்த ஊடகத்தில் வளர்த்தார். திசு பெருகிக் கேலஸ் என்னும் ஒழுங்கற்ற செல்திரளானது. அத்திரளிலிருந்து கருக்கள் தோன்றின. கருக்களிலிருந்து கன்றுகள் வந்தன. 1958இல் இம்முடிவுகள் வெளியாயின. கருவுறுதலே இல்லாமல் மகரந்தப்பையிலிருந்து செடி வளர்த்த சிப்ரா குகா – எஸ்.சி. மகேஸ்வரி ஆய்வு இதே துறையிலிருந்து வந்தது 1964இல். உலகப் பாடநூல்களில் அதற்குக் கிடைத்த புகழ் ரங்கசாமியின் வேலைக்குக் கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டிய செய்தி இது: கலப்பினத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த அதே சூல்திசுதான் இங்கே கருவியாக மாறுகிறது. கருவாக மாறும் ஆற்றலை விடாமல் வைத்திருக்கும் கேலஸ், எலுமிச்சைக் குலத்தில் பெரும்பாலும் பல்கருநிலை வகைகளின் சூல்திசுவிலிருந்தே கிடைக்கிறது. பின்னால் வந்த செல் இணைப்பு முழுவதும் இந்தக் கேலஸின் மேல் கட்டப்பட்டது.

சுவரை உரித்தல்

தாவரச் செல்லைச் சுற்றி செல்லுலோஸ் சுவர் உண்டு. அது இருக்கும்வரை இரண்டு செல்கள் எவ்வளவு நெருங்கினாலும் ஒன்றாகா. ஓட்டை நீக்கிவிட்டு, உள்தோல் கிழியாத முட்டையைக் கையில் ஏந்துவதைப் போன்றது சுவரை மட்டும் நீக்கிச் செல்லைக் காப்பாற்றும் வேலை. 1892இல் கிளெர்க்கர் நீர்த்தாவரம் ஒன்றின் செல்களைச் சுருங்கவைத்துக் கத்தியால் வெட்டிச் சில சுவரற்ற செல்களை எடுத்தார். எண்ணிக்கை சொற்பம். 1960இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எட்வர்ட் காக்கிங் தக்காளி வேர்நுனிகளைப் பூஞ்சையிலிருந்து எடுத்த செல்லுலேஸ் நொதியில் ஊறவைத்தார். சுவர் கரைந்தது, செல் பிழைத்தது. கத்தியின் இடத்தை நொதி பிடித்தபின் கிராம் கணக்கில் இலையைப் போட்டு இலட்சக்கணக்கில் செல்களை எடுக்க முடிந்தது. சுவரற்ற இச்செல்லுக்குப் புரோட்டோபிளாஸ்ட் என்று பெயர்.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வேகம் கூடியது. 1971இல் டகேபேயும் ஜெர்மானியத் தோழர்களும் புகையிலை இலையின் புரோட்டோபிளாஸ்டிலிருந்து முழுச்செடி வளர்த்தனர். 1972இல் பீட்டர் கார்ல்சன் இரண்டு காட்டுப் புகையிலை இனங்களின் புரோட்டோபிளாஸ்ட்களை இணைத்து முதல் உடலக் கலப்பினச் செடியை எழுப்பினார். 1974இல் கனடாவில் காவோ, மிச்சைலுக் இருவரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் செல்களை ஒட்டவைப்பதைக் கண்டனர். 1978இல் மெல்கர்ஸ் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் இணைத்த செடி செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குப் போனது. மேலே தக்காளியும் கீழே உருளையும் காய்த்துத் தள்ளும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. இந்தத் துறைக்கு ஏற்பட்ட மிகைப்புகழும் அதைத் தொடர்ந்த ஏளனமும் அந்தச் செடியிலிருந்து தொடங்கியவை.

மரப்பயிர்கள் புகையிலையைப் போல வளைந்து கொடுக்கவில்லை. எலுமிச்சைக் குலத்தில் கதவைத் திறந்தவர்கள் இஸ்ரேலியர். ஷமூட்டி ஆரஞ்சின் சூலிலிருந்து வந்த கேலஸைக் கையில் வைத்திருந்த ஸ்பீகல்-ராய், அலீசா வார்டி, எஸ்ரா கலூன் மூவரும் 1975இல் அதன் புரோட்டோபிளாஸ்ட்களைப் பிரித்து, அவை மீண்டும் சுவர் கட்டிக் கருக்களாக வளர்வதைக் காட்டினர்.

ஆரஞ்சும் முவ்விலையும்

இணைப்பு நிகழ்ந்தது ஜப்பானில், 1985இல். ஓகவாரா, கோபயாஷி, உச்சிமியா உள்ளிட்ட குழு, டிரோவிட்டா ஆரஞ்சின் சூல்திசுக் கேலஸிலிருந்தும் முவ்விலை ஆரஞ்சின் இலையிலிருந்தும் புரோட்டோபிளாஸ்ட்களை எடுத்துப் பாலிஎத்திலீன் கிளைக்காலில் இணைத்தது. கலப்பினத்தை எப்படி அடையாளம் காண்பது என்பதில்தான் இக்குழுவின் சாமர்த்தியம். முவ்விலைப் பண்பு ஓங்கு பண்பு. எனவே இணைந்த செல்லிலிருந்து வரும் கன்றில் இலை மூன்றாகப் பிரிந்திருக்கும். இலைச்செல் மட்டும் தனித்துக் கன்றாகுமோ என்ற ஐயம் எழவில்லை. இக்குலத்தில் இலையின் புரோட்டோபிளாஸ்ட்டுக்குக் கருவாகும் ஆற்றல் கிடையாது. மறுபுறம், இணையாத ஆரஞ்சுச் செல்களை அடக்கி வைக்கச் சர்க்கரை மிகுந்த ஊடகம் பயன்பட்டது. ஆக, தனியிலையும் வராது, தனிக்கேலஸும் வராது. வந்தால் இரண்டும் சேர்ந்ததுதான் வரும்.

குரோமோசோம் எண்ணிக்கையும் சாட்சி சொன்னது. எலுமிச்சை, ஆரஞ்சு, முவ்விலை எல்லாம் 18 குரோமோசோம் கொண்ட இருமடியங்கள். பூ வழிக் கலப்பில் தாயும் தந்தையும் பாதிப்பாதி, 9 வீதம், தருகின்றன. செல் இணைப்பில் பாதியாகக் குறையும் கட்டமே இல்லை. 18உடன் 18 சேர்ந்து 36 ஆகிறது. இரு பெற்றோரின் முழுச்சொத்தும் சிதறாமல் வந்து சேர்கிறது. பெற்றோரின் கெட்ட குணங்களும் அப்படியே சேர்ந்துவிடும் என்பது இதன் மறுபக்கம்.

இம்மரத்துக்கு ஜப்பானியர் ஒரேடாச்சி என்று பெயரிட்டனர். தொடர்ந்து சாட்சுமாவும் நேவலும் சேர்ந்த ஷூவெல், கிரேப்ஃபுரூட்டும் நேவலும் சேர்ந்த கிரேவெல் என்று வரிசை நீண்டது. நேவலும் சாட்சுமாவும் மகரந்தம் தேறாதவை என்பதை நினைத்தால், பூவுக்கு வெளியே நடந்த இத்திருமணத்தின் பயன் விளங்கும்.

ஆய்வுக்கூடத்தில் வேலை நடக்கும் விதம் எளிமையானது, கைப்பழக்கம் கேட்பது. ஊடகத்தில் வளரும் கேலஸையும் இளம் இலையையும் தனித்தனியே நொதிக் கரைசலில் ஓர் இரவு, இருட்டில், மெல்ல ஆட்டியபடி வைக்கிறார்கள். செல்லுலேஸ் சுவரைக் கரைக்கிறது, பெக்டினேஸ் செல்களுக்கிடையிலான பசையைக் கரைக்கிறது. இந்நொதிகளில் உலகெங்கும் பெயர்பெற்ற ஒனோசுகா வகையைத் தயாரித்தது ஜப்பானின் யாகுல்ட் நிறுவனம். புளித்த பால்பானத்துக்குப் பெயர்போன அதே நிறுவனம். சுவர் போனபின் செல் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடாமலிருக்கக் கரைசலில் மானிட்டால் போன்ற சர்க்கரை போதிய அளவு இருக்க வேண்டும். பிறகு வடிகட்டி, கீழே 25 சதவீதச் சுக்ரோஸ் கரைசலும் மேலே 13 சதவீத மானிட்டால் கரைசலுமாக அடுக்கிச் சுழற்றினால், உயிருள்ள புரோட்டோபிளாஸ்ட்கள் இரண்டு கரைசலும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பட்டையாக ஒதுங்கும். செத்தவையும் சிதைந்தவையும் அடியில் தங்கும். இரு பெற்றோரின் பட்டைகளையும் கலந்து, துளித்துளியாகத் தட்டில் விட்டு, பாலிஎத்திலீன் கிளைக்காலைச் சேர்த்தால் செல்கள் ஒட்டிக்கொள்கின்றன. சிறிது நேரத்தில் சவ்வுகள் கலந்து ஒன்றாகின்றன. இதற்கு மாற்றாகச் சிறிய மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்தி இணைக்கும் முறையும் 1980களிலிருந்து வழக்கத்தில் உள்ளது. சில வாரங்களில் செல்திரள், சில மாதங்களில் கரு, பிறகு கன்று. கன்று வேர்விடத் தயங்கினால் அதன் நுனியை வேறொரு நாற்றின் மேல் ஒட்டுக்கட்டிக் காப்பாற்றுகிறார்கள்.

குருந்தும் விளாவும்

ஃபுளோரிடாவின் லேக் ஆல்ஃபிரட் ஆராய்ச்சி நிலையத்தில் ஜூட் கிராசரும் ஃபிரெட் கிமிட்டரும் 1980களின் நடுவில் தொடங்கிய பணி, இத்துறையின் மிக நீண்ட தொடர்முயற்சி. 1988இல் இவர்கள் ஹாம்லின் ஆரஞ்சையும் பிலிப்பைன்ஸ் புதர்ச்செடியான செவரினியா டிஸ்டிக்காவையும் இணைத்துக் காட்டினர். பூவழியில் ஒன்று சேரவே முடியாத இரண்டு மரப்பேரினங்கள் ஒரே செடியாக நின்றன. இதன் பின் உறவின் எல்லையை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று பார்க்கும் போட்டியே நடந்தது.

அந்தப் பட்டியலைப் படிக்கும் தமிழ் வாசகர் பல பழகிய முகங்களைக் காண்பார். 1993இல் சக்காரி ஆரஞ்சுடன் இணைக்கப்பட்ட அட்டலாண்டியா சிலானிக்கா, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் காட்டுமரம். ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் வரலாற்றோடு சேர்த்துப் போற்றப்படும் குருந்து இதே பேரினத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைக் காடுகளில் அதன் முள்ளும் சிறு உருண்டைக் காயும் இன்றும் காணக்கூடியவை. 1992இல் ஜப்பானியர் இணைத்த இன்னொரு ஜோடி இன்னும் நெருக்கமானது: ஒரு பக்கம் மெக்சிகன் லைம் எனப்படும், நம் வீட்டு எலுமிச்சையின் இனம், மறுபக்கம் விளாமரத்தின் ஜாவாத் தீவு உறவான ஃபெரோனியெல்லா. அதே ஆண்டு ஆரஞ்சுடன் காட்டுக் கறிவேப்பிலை எனப்படும் வெண்பூ வாசனைச் செடி முர்ரயா பேனிகுலேட்டாவும் இணைக்கப்பட்டது. கறிவேப்பிலை, வில்வம், விளா, குருந்து, எலுமிச்சை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். வரிச்சிக்குடி வீடு ஒன்றின் கொல்லையிலும் அந்த ஊர் வேலியிலுமாகவே அக்குடும்பத்தின் பல கிளைகளைப் பார்த்துவிடலாம்.

இந்தத் தொலைதூர உறவுகளின் மீது ஆய்வாளர்களுக்கு ஆசை பிறந்தது அவற்றின் தாங்குதிறனால். சில வறண்ட மணலிலும் உப்பு நிலத்திலும் நிற்பவை. சில நூற்புழுவையும் வேரழுகலையும் பொருட்படுத்தாதவை. ஆனால் கலப்பினங்கள் எல்லாம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. உறவு விலக விலகக் கன்றுகள் குன்றின, இலை சுருண்டன, ஒட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. செடி உருவானது என்ற செய்தியோடு நின்றுபோன இணைப்புகளே அதிகம். இக்காலத்து ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகள் தரும் மயக்கத்திலிருந்து வாசகர் சற்று விலகி நிற்பது நல்லது.

மண்ணுக்கடியில் கிடைத்த பலன்

இணைப்பில் பிறக்கும், 36 குரோமோசோம் கொண்ட நான்மடிய மரத்தின் பழம் பொதுவாகத் தடித்த தோலும் குறைந்த சாறும் கொண்டது. சந்தைக்கு ஏற்றதல்ல. இணைப்பு முறையிலிருந்து நேரடியாகப் புதுப்பழம் வரும் என்ற நம்பிக்கை விரைவில் மங்கியது. பலன் வேறு இடத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கிடைத்தது: வேர்ச்செடியில்.

ஆரஞ்சு, மாண்டரின் தோட்டங்களில் பழம் தருவது ஒரு வகை. வேர் வேறொரு வகை. மண்ணின் உப்பு, சுண்ணாம்பு, நீர்த்தேக்கம், ஃபைட்டாப்தோரா வேரழுகல், டிரிஸ்டிசா வைரஸ் எல்லாவற்றையும் சமாளிக்கும் பொறுப்பு வேருடையது. புளிப்பு ஆரஞ்சு மிகச்சிறந்த வேர்ச்செடியாக இருந்தது, டிரிஸ்டிசா வந்து அதன்மேல் ஒட்டிய ஆரஞ்சு மரங்களைக் கூண்டோடு சாய்க்கும்வரை. ஒரு வேர்ச்செடியின் நல்ல குணங்கள் முழுவதையும் இன்னொன்றின் நல்ல குணங்களோடு கூட்டிவைக்கச் செல் இணைப்பு ஏற்றது. இங்கே பழத்தின் தோல் தடித்தாலும் கவலையில்லை. நான்மடிய வேர் மேலே உள்ள மரத்தைக் குட்டையாக வைப்பதால் நெருக்கி நடலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

கிராசர் குழு இதை ஒரு படி மேலே கொண்டு சென்றது. இணைப்பில் பிறந்த இரண்டு நான்மடியங்களையே பூவழியில் ஒன்றோடொன்று கலந்தது. நோவா மாண்டரினும் பம்பளிமாசும் சேர்ந்த மரம் ஒரு பக்கம், கிளியோபாட்ரா மாண்டரினும் முவ்விலையும் சேர்ந்த மரம் இன்னொரு பக்கம் என நான்கு மூதாதையரின் சொத்து ஒரே விதையில் கலந்தது. அவ்விதைகளை, சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் வேரழுகல் கிருமியையும் கலந்து விதைத்து, எது பிழைக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும் கடுஞ்சோதனை வைக்கப்பட்டது. இவ்வழியில் வந்த யு.எஃப்.ஆர். வரிசை வேர்ச்செடிகள் 2010களில் ஃபுளோரிடா நாற்றங்கால்களுக்குப் போயின. அவ்வரிசையின் 6ஆம் எண் மட்டும், சாங்ஷா மாண்டரினையும் முவ்விலையையும் இணைத்த நேரடிச் செல் இணைப்பு.

உப்பைப் பற்றிய செய்தி காவிரிக் கடைமடைக்கு நெருக்கமானது. வரிச்சிக்குடி உள்ளிட்ட காரைக்கால் ஊர்கள் ஆறு கடலில் கலக்கும் தாழ்நிலத்தில் அமைந்தவை. களிமண், வடகிழக்குப் பருவமழையில் நீர்த்தேக்கம், கோடையில் ஏறும் கடலுப்பு. நெல்லின் விளைச்சல் மண்கரைசலின் உப்பு மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டும்போது குறையத் தொடங்குகிறது. ஆரஞ்சுக் குலத்துக்கோ 1.3 முதல் 1.7க்குள்ளேயே தொல்லை தொடங்கிவிடுகிறது. உப்பிலும் குளோரைடுதான் இலையைக் கருக்குவது. கிளியோபாட்ரா மாண்டரினும் ரங்கப்பூர் லைமும் குளோரைடை வேரிலேயே தடுத்து நிறுத்துபவை. முவ்விலை அதை மேலே ஏற விட்டுவிடும். ஆனால் வேரழுகலையும் டிரிஸ்டிசாவையும் தாங்குவதில் அதற்கு ஈடில்லை. இரண்டையும் ஒரே வேரில் சேர்க்கும் ஆசை மத்தியதரைக் கடற்கரை ஆய்வாளர்களை உடலக் கலப்பினத்தின் பக்கம் இழுத்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் பங்கேற்று 2008இல் வெளியான ஆய்வு, நான்மடிய வேர்ச்செடிகள் அவற்றின் இருமடிய உடன்பிறப்புகளைவிட உப்பைக் கூடுதலாகத் தாங்குவதைக் காட்டியது. அந்தச் சோதனையில் இருந்தவை குரோமோசோம் இரட்டித்த செடிகள். இணைப்பில் பிறந்தவை அல்ல. ஆயினும் நான்மடிய நிலையே ஒரு கவசம் என்ற கருத்துக்கு அது வலுச்சேர்த்தது.

வீட்டுக்கொல்லை எலுமிச்சைக்கு இதில் நேரடிப் பயன் குறைவு. விதைக்கன்றாக நடப்படும் மரத்துக்கு வேர்ச்செடி என்று தனியே ஒன்று இல்லை.

விதையில்லாப் பழம்

செல் இணையும்போது உட்கரு மட்டும் சேர்வதில்லை. மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் ஆகிய இரண்டுக்கும் தனி மரபுப்பொருள் உண்டு, அவையும் கலக்கின்றன. எலுமிச்சைக் குல இணைப்புகளில் ஒரு வினோதம் திரும்பத்திரும்பத் தென்பட்டது. சில கன்றுகள் 36க்குப் பதில் 18 குரோமோசோமே கொண்டிருந்தன. பார்வைக்கு இலைகொடுத்த பெற்றோரையே ஒத்திருந்தன. இலைச்செல் தனித்துக் கன்றாகாதே? சோதித்தபோது உட்கரு இலைப்பெற்றோருடையது, மைட்டோகாண்ட்ரியா கேலஸ் பெற்றோருடையது என்று தெரிந்தது. கேலஸின் உட்கரு எப்படியோ கழன்றுபோய், அதன் மைட்டோகாண்ட்ரியா மட்டும் தங்கிவிட்டது. பசுங்கணிகம் இருவரில் எவரிடமிருந்தும் வரலாம். இவ்வகைச் செடிக்கு சைபிரிட் என்று பெயர். மற்றப் பயிர்களில் கதிர்வீச்சும் நஞ்சும் கொண்டு முயன்று உண்டாக்குவதை இக்குலம் தானாகவே தந்தது.

இதன் பயனை முழுதாக அறுவடை செய்தவர் வூஹானின் ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகத்து டெங் சியூசின் குழுவினர். சாட்சுமா மாண்டரினின் ஆண் மலட்டுத்தன்மைக்கு அதன் மைட்டோகாண்ட்ரியா காரணம். அதன் கேலஸை விதை மலிந்த பம்பளிமாஸின் இலையோடு இணைத்தால், பழம் பம்பளிமாஸாகவே இருக்க, மகரந்தம் மட்டும் மலடாகும் என்று கணக்கிட்டனர். குவோ வென்வூ முதலியோர் 2004இல் இத்திட்டமிட்ட இணைப்பை வெளியிட்டனர். மரங்கள் பூத்தபோது மகரந்தப்பை சூம்பியிருந்தது. பழத்தில் விதை இல்லை. உட்கருவின் ஒரு மரபணுவும் மாறாததால் பழத்தின் சுவையும் உருவமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஹுவாயோ 2 என்ற பெயரில் இது பழவகையாகவே வெளிவந்தது. செல் இணைப்பிலிருந்து நேரடியாகச் சந்தைப் பழம் வந்த அரிய நிகழ்ச்சி இது.

விதையின்மைக்கு இன்னொரு பாதை மும்மடியம். இணைப்பில் கிடைத்த நான்மடியத்தை இருமடியத்துடன் பூவழியில் கலந்தால் 27 குரோமோசோம் கொண்ட பிள்ளை பிறக்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையால் விதை உருவாவது தடைபடும். கலிஃபோர்னியாவில் 1980இல் வெளியான ஓரோபிளாங்கோ இத்தகைய மும்மடியம். அதன் நான்மடியப் பெற்றோர் இயல்பாக இரட்டித்த கிரேப்ஃபுரூட். இயற்கை எப்போதாவது தரும் நான்மடியத்துக்காகக் காத்திராமல் வேண்டிய சேர்க்கையில் உண்டாக்கிக்கொள்ளச் செல் இணைப்பு வழி தந்தது.

சொறி நோயிலும் சைபிரிட் கைகொடுக்கலாம் என்பதற்கு அறிகுறி உண்டு. எலுமிச்சையின் இலையிலும் காயிலும் தக்கைப் பொருக்காக எழும் இந்தப் பாக்டீரிய நோய், இமயமலை அடிவாரத்தில் 1827–31இல் திரட்டப்பட்ட உலர்தாவர மாதிரிகளிலேயே காணப்பட்டது. மெய்வா கும்குவாட் இந்நோயைத் தாங்கும். அதன் செல்லுறுப்புகளைக் கிரேப்ஃபுரூட்டில் புகுத்திய சைபிரிட்கள் சிலவற்றில் நோய் தணிந்திருந்ததை ஃபுளோரிடாக் குழு 2019இல் வெளியிட்டது.

பச்சைநோயும் சட்டமும்

2005இல் ஃபுளோரிடாவில் பச்சைநோய் நுழைந்தது. சில்லிட் என்ற சாறுறிஞ்சிப் பூச்சி பரப்பும் இந்தப் பாக்டீரிய நோய் இந்தியாவுக்குப் பழையது. இப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதை இந்திய ஆய்வாளர் கபூர் குழுவினர் 1967இல் நிறுவியிருந்தனர். பூச்சி கறிவேப்பிலைத் தளிரிலும் பெருகும். ஃபுளோரிடாவில் 2003–04 பருவத்தில் 24.2 கோடிப் பெட்டியாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், 2023–24இல் ஏறத்தாழ 1.8 கோடிப் பெட்டிக்குச் சரிந்தது. புயல்களுக்கும் பங்குண்டு, பெரும்பங்கு நோயினுடையது. நாற்பதாண்டாகச் சேர்த்துவைத்த உடலக் கலப்பினங்களும் நான்மடிய வேர்ச்செடிகளும் இப்போது இந்த ஒரே கேள்வியோடு சோதிக்கப்படுகின்றன. யு.எஃப்.ஆர். வேர்கள் சிலவற்றின் மேல் மரம் நோயோடு கூடுதல் காலம் காய்க்கிறது. நோயை விரட்டும் வேர் எதுவும் கிடைத்துவிடவில்லை.

இந்தியாவில் பயிரிடப்படும் எலுமிச்சை வகைகள் வேறு பாதையில் வந்தவை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, மகாராஷ்டிரத்தின் விக்ரம், பிரமாலினி, சாய் சர்பதி எல்லாம் இருந்த மரங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. செல் இணைப்பில் பிறந்து விவசாயி கைக்கு வந்த வகை இங்கே இல்லை. ஆய்வுக்கூடச் செலவும், மரம் காய்க்கும்வரை காத்திருக்கும் காலமும் ஒரு காரணம். சட்டம் இன்னொன்று. மரபணு எதையும் வெளியிலிருந்து செருகாததால் செல் இணைப்பைப் பல நாடுகள் மரபணு மாற்றத்திலிருந்து பிரித்தே பார்க்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம், இயல்பாகக் கலக்கக்கூடிய தாவரங்களுக்கிடையிலான இணைப்புக்கு விலக்கு அளிக்கிறது. கலக்கவே முடியாதவற்றின் இணைப்புக்கு விலக்கில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்தியா 1989இல் வெளியிட்ட விதிகளோ, இயற்கையில் நிகழாத முறையில் செல்களை இணைத்துப் புதிய மரபுச் சேர்க்கை உண்டாக்குவதைச் செல் கலப்பு என வரையறுத்து, அதை மரபணுத் தொழில்நுட்பத்தின் வரம்புக்குள்ளேயே வைத்திருக்கின்றன.